தொழில்புரியும் தாய்மாரின் சுமையைப் பகிர்ந்துகொள்வது யார்?

காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிவடைவது எமது நாட்டின் பாடசாலை நேரம். காலை 8.30 மணிக்குத் தொடங்கி மாலை 4.15 மணிக்கு முடிவடைவது அரச காரியாலய நேரம். தனியார் நிறுவனங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை முடியும் நேரம் பெரும்பாலும் அதற்கும் பிந்தியது. முதலாம், இரண்டாம் தரங்களில் கற்கும் சிறார்களோ ஒன்றரை மணிக்கும் முன்னதாகவே பாடசாலையை விட்டு வெளியேறிவிடுகின்றனர். இவ்விரு மணியோசைகளுக்கும் இடையே குறைந்தபட்சம் இரண்டே முக்கால் மணித்தியால இடைவெளி இருக்கின்றது. தாயின் பஸ் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது நான்கு மணித்தியாலத்தையும் எட்டிவிடக்கூடும்.

பாடசாலை நேரத்தையும் காரியாலய நேரத்தையும் வகுத்தது ஒரே அரசாங்கமே. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்று சட்டம் கூறுகின்றது. தாய் நாலேகால் மணிவரை தனது ஆசனத்தில் இருக்க வேண்டுமென்று சேவை விதிகள் கூறுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும், யாருடைய கையால் சோறு உண்ண வேண்டும் என்பது பற்றி எந்தச் சட்டமும் எந்தச் சுற்றுநிருபமும் ஒரு வார்த்தைதானும் கூறுவதில்லை. அது தாயின் சொந்தப் பிரச்சினை எனக் கருதப்பட்டு அவளிடமே விடப்பட்டிருக்கின்றது.

தொழிலையும் வீட்டையும் எவ்வாறு சமநிலைப்படுத்துவது என்பது பற்றிப் பெண்களுக்கு ஆலோசனை கூறுவதற்கு இன்று ஆட்கள் குறைவில்லை. நேரத்தைத் திட்டமிடுங்கள், அதிகாலையில் எழுந்துவிடுங்கள், மனதை அமைதியாக வைத்திருங்கள் என்று சொல்லப்படுகின்றது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, இரு வேளைக்குமாகச் சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு, ஓடிச்சென்று பஸ் ஏறும் ஒரு தாய்க்கு நேரத்தைத் திட்டமிடுவது குறித்துக் கற்பிப்பதற்கு எவருக்கேனும் தகுதியுண்டா என்பது சந்தேகமே. அவளிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. அவளைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுகளில்தான் குறைபாடு இருக்கின்றது என்பதே எமது கருத்தாகும்.

இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் பெண்களே பெரும்பான்மையினர். இலவசக் கல்வியின் பயனை எமது பெண் பிள்ளைகள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆயினும் தொழிற்சந்தையை நோக்குமிடத்து நிலைமை தலைகீழாக மாறிவிடுகின்றது. தொழில் புரியும் வயதிலுள்ள ஆண்களில் மூன்றில் இரு பங்கிற்கும் மேற்பட்டோர் தொழிற்படையில் இருக்க, பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதில் இருக்கின்றனர். பல ஆண்டுகளாக இந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் கற்பித்து ஆளாக்கிய பெண்களில் கணிசமானோர் திருமணத்துக்கும் முதற் பிரசவத்துக்கும் பின்னர் தொழிலிலிருந்து ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களிற் பலர் விரும்பி ஒதுங்கியவர்களல்லர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத காரணத்தினால் ஒதுங்கியவர்கள்.

தொழிலில் எஞ்சியிருப்போரின் நிலை என்ன? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017 ஆம் ஆண்டில் மக்கள் தமது நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பது குறித்து நாடளாவிய ரீதியில் ஆய்வொன்றை மேற்கொண்டது. சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு, நோயாளர் பராமரிப்பு போன்ற ஊதியமற்ற வேலைகளில் பெண்கள் ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகமான நேரத்தைச் செலவிடுகின்றனர் என்பதை அது உறுதிப்படுத்திற்று. எமது வீடுகளின் அடுப்படியை எட்டிப் பார்ப்பவர் எவருக்கும் இது புதிய செய்தியல்ல. எனினும் அரசாங்கமே கணக்கெடுத்து ஏற்றுக்கொண்ட ஓர் உண்மையைக் கொள்கை வகுப்போர் தொடர்ந்தும் கண்டுகொள்ளாதிருப்பதற்கு இனிமேல் நியாயம் கூற முடியாது.

சட்டம் எதனையுமே செய்யவில்லை என்று நாம் கூறவரவில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் இந்நாட்டில் 1939 ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டது. சுதந்திரத்துக்கு முன்னரே இவ்வாறானதொரு சட்டத்தை இயற்றிக்கொண்ட நாடு என்ற வகையில் நாம் பெருமைப்படலாம். நீண்டகாலமாக, இரு பிள்ளைகளுக்குப் பின்னர் பிறக்கும் பிள்ளைக்குத் தனியார்துறைத் தாய்க்கு 42 நாள் விடுமுறையே வழங்கப்பட்டு வந்தது. மூன்றாவது பிள்ளையின் பசி முதலிரு பிள்ளைகளின் பசியிலும் பாதியென்று சட்டம் கருதியது போலும். 2018 இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தங்கள் இந்தப் பாகுபாட்டை நீக்கி எல்லாப் பிரசவங்களுக்கும் 84 நாள் விடுமுறையை உறுதிசெய்தன. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்டுவதற்கு வேலை நேரத்தில் இரு இடைவேளைகள் வழங்கப்பட வேண்டுமென்ற ஏற்பாடும் சட்டத்தில் உள்ளது. அரச சேவையில் முழுச் சம்பளத்துடன் 84 நாட்களும், அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், சம்பளமின்றி 84 நாட்களும் விடுமுறை பெற வழியுண்டு.

எனினும் 84 நாட்கள் என்பது பன்னிரண்டு வாரங்களே. சர்வதேச தொழில் தாபனம் 2000 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தாய்மைப் பாதுகாப்புச் சமவாயம் பதினான்கு வாரங்களைக் குறைந்தபட்ச அளவாக விதிக்கின்றது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் தவிர்ந்த வேறெதனையும் கொடுக்க வேண்டாமென்று உலக சுகாதார தாபனம் சொல்கின்றது. எமது நாட்டின் குடும்பநல உத்தியோகத்தரும் வீடுவீடாகச் சென்று அதனையே போதிக்கின்றார். சுகாதார அமைச்சு ஆறு மாதம் என்கின்றது. தொழிற்சட்டம் மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்தில் தாயை வேலைக்கு அழைக்கின்றது. பாலூட்டும் இடைவேளை கடதாசியில் இருக்கின்றது. பிள்ளை பத்து மைல்களுக்கு அப்பால் இருக்கும்போது அந்த இடைவேளையால் தாய்க்கு என்ன பயன்?

இன்னொரு குறைபாடு கூடுதலான கவனத்துக்குரியது. தனியார் துறையில் மகப்பேற்று விடுமுறைக்கான கொடுப்பனவு முழுவதும் தொழில்தருநரின் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது. காப்புறுதித் திட்டமோ பொது நிதியமோ இதற்கென இல்லை. இதன் விளைவாகச் சிறிய நிறுவனமொன்றின் உரிமையாளர், திருமணமான இளம்பெண்ணொருவர் நேர்முகப் பரீட்சைக்கு வரும்போது அவருடைய தகைமையைப் பார்ப்பதற்கு முன்னர் அவருக்கு எப்போது பிரசவம் நேரும் என்பதைக் கணக்கிடத் தொடங்குகின்றார். பெண்ணைப் பாதுகாப்பதற்கு வகுக்கப்பட்ட சட்டம் பெண்ணுக்கு வாசலை மூடும் சட்டமாகவும் மாறிவிடுவது இவ்வாறுதான். மேலும், நாட்டில் தொழில் புரிவோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் முறைசாராத் துறையைச் சேர்ந்தவர்கள். வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் பெண், வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்கும் பெண், மீன் வாடியில் கருவாடு காயவைக்கும் பெண் ஆகியோருக்கு 84 நாளுமில்லை, இடைவேளையுமில்லை. அவர்களுடைய பிரசவ விடுமுறையைத் தீர்மானிப்பது வீட்டிலுள்ள அரிசியின் அளவே.

பிள்ளை பராமரிப்பு என்பது வேலைத்தளத்தின் பொறுப்பு என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதா என்று நோக்கினால், இல்லையென்றே கூற வேண்டும். மலையகத் தோட்டங்களிலுள்ள பிள்ளைக் காம்பரா பல தலைமுறைகளாக இருந்துவரும் ஒன்று. காலைப் பிரட்டுக்குச் செல்லும் தாய் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். பால் கொடுக்க இடையில் வந்து போவாள். தோட்டத்துரைமார் இதனைத் தாய்மாரின் மீதுள்ள இரக்கத்தினால் அமைத்தார்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளைப் பிள்ளையிடமிருந்து விடுவிக்க வேண்டியிருந்தது. ஆனபடியால் வழி பிறந்தது.

பல காலமாகப் பிள்ளைக் காம்பராக்கள் இருள் சூழ்ந்த, காற்றோட்டமற்ற அறைகளாகவே இருந்தன என்பதும் மறுக்கவியலாதது. 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஊடாக இவற்றிற் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகத் தரமுயர்த்தப்பட்டன. இன்றும் குறைபாடுகள் உண்டு. நிர்ணயிக்கப்பட்ட கிலோவை எட்டாவிட்டால் அரை நாள் பெயரே விழும் என்ற அச்சத்தில் பாலூட்டும் நேரத்தைத் தானாகவே சுருக்கிக்கொள்ளும் தாய்மார் இருக்கின்றனர். எனினும் இந்த நாட்டில் மிகக் குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளிப் பெண்ணுக்கென ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கையில், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மாடிக் கட்டடத்தில் பணிபுரியும் எழுதுவினைஞருக்கு அதுவுமில்லை என்பது சிந்திக்க வேண்டியதொன்றாகும். தேவை என்று கருதினால் இதனைச் செய்ய முடியும் என்பதற்குத் தோட்டங்களே சாட்சி.

வடக்கில் 2009 இல் போர் முடிவடைந்த பின்னர் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு முதலிய மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்டன. விடியுமுன்னரே கிராமங்களுக்கு வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் இன்று வன்னியின் வழமையான காட்சியாகிவிட்டன. அவற்றில் பயணிப்போரிற் பலர் கணவனைப் போரில் இழந்தவர்கள் அல்லது கணவன் காணாமலாக்கப்பட்டவர்கள். நாடளாவிய ரீதியில் நான்கு குடும்பங்களில் ஒன்று பெண் தலைமையில் இயங்குகின்றது. அத்தகைய வீட்டில் தொழிலா, குடும்பமா என்ற கேள்வியே எழுவதில்லை. சம்பாதிப்பவளும் அவளே, சமைப்பவளும் அவளே. அவள் இரவில் வீடு திரும்பும்வரை தம்பி தங்கையரைக் கவனித்துக்கொள்வது மூத்த மகளின் பொறுப்பாகின்றது. அந்த மகள் பாடசாலைக்கு வராத நாட்களை வரவுப் பதிவேடு குறித்துக்கொள்கின்றது. காரணத்தை எவரும் குறித்துக்கொள்வதில்லை.

ஆசிரியத் தொழிலைப் பற்றியும் இங்கு கூறியாக வேண்டும். குடும்பப் பெண்ணுக்கு ஏற்ற உத்தியோகம் என்று தமிழ், முஸ்லிம் பெற்றோர் ஒருமித்துக் கருதுவது இதனையே. நாட்டின் ஆசிரியர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். ஆயினும் யாழ்ப்பாணத்தில் வீட்டையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வன்னியின் கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் பணியாற்றும் ஆசிரியை, ஏனைய பிள்ளைகளுக்கு அகரம் கற்பிப்பதற்காகத் தன் பிள்ளை விழிக்குமுன்னரே வீட்டைவிட்டுப் புறப்படுகின்றார். கிராமப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் இடமாற்றப் பட்டியலைத் தயாரிக்கும்போது ஆசிரியர் விடுதியையும் பிள்ளை பராமரிப்பையும் சேர்த்துத் திட்டமிடாத நிர்வாகம், தியாகம் செய்யும்படி தாயிடம் மாத்திரம் கேட்கின்றது.

முஸ்லிம் தாய்மாருக்கு இன்னுமொரு பிரத்தியேகப் பிரச்சினை உண்டு. ரமழான் மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. தமிழ்ப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் காரியாலயங்களிலும் தொழில்புரியும் முஸ்லிம் தாய்மாருக்கு அந்த மாதம் விடுமுறையல்ல. ஸஹர் உணவுக்காக விழித்து, நோன்பு நோற்றவாறே வேலைக்குச் சென்று, மாலையில் விரைந்தோடி வந்து இப்தாருக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் அவள், பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது? சமூக நோக்கம் கொண்ட எமது நிறுவனங்கள் இந்த ஒரு மாதத்துக்கேனும் ஒழுங்கமைக்கப்பட்ட பகற்பொழுதுப் பராமரிப்பை ஏற்பாடு செய்வது குறித்துச் சிந்திக்கலாம்.

கடல் கடந்து சென்ற தாய்மாரின் நிலை இவை எல்லாவற்றிலும் துயரமானது. கிழக்கின் கரையோரத் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோர் வேறொருவரின் பிள்ளையை வளர்ப்பதற்காகத் தமது பிள்ளையை விட்டுச் செல்கின்றனர். 2013 ஆம் ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை எனும் நடைமுறை கொண்டுவரப்பட்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வது தடுக்கப்பட்டது. பிள்ளையின் நலனே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்து அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் தேவை மாறவில்லை, திறைசேரியின் தேவைதான் மாறிற்று. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வெளிநாடு செல்லும் தந்தையிடம் இத்தகைய அறிக்கையை எவரும் கேட்டதில்லை. பிள்ளை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரியதென்ற எண்ணத்தை அரசாங்கமே முத்திரையிட்டு உறுதிப்படுத்தியதாகவே இதனைக் கொள்ள வேண்டியுள்ளது.

இவ்வளவு காலமும் இந்தப் பெரும் பள்ளத்தை நிரப்பி வந்தவர்கள் யார்? அம்மம்மாவும் உம்மும்மாவுமே. இலங்கையின் மிகப் பெரிய பிள்ளை பராமரிப்புச் சேவை ஊதியமும் ஓய்வூதியமும் அற்ற இந்த மூதாட்டிகளாலேயே நடத்தப்பட்டு வருகின்றது. ஆனால் அந்த ஏற்பாடும் தளர்ந்து வருகின்றது. நாட்டின் சனத்தொகை வேகமாக முதுமையடைந்து வருகின்றது. போரும் புலப்பெயர்வும் கூட்டுக் குடும்பங்களைப் பல நாடுகளுக்குச் சிதறடித்துவிட்டன. 2021 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் வயதை அறுபது வரை நீடித்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்று பேரப்பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்ட பாட்டி, இப்போது தானும் வேலைக்குப் போகின்றார். மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படாமலேயே பழைய ஏற்பாடு மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருக்கின்றது.

வசதி படைத்தோர் வீட்டுக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொள்கின்றனர். அந்த உதவியாளர் பெரும்பாலும் மலையகத்திலிருந்தோ வறிய கிராமமொன்றிலிருந்தோ வந்த பெண். அவரும் ஒரு தாயாக இருக்கலாம். அவருடைய பிள்ளை வேறெங்கோ ஒரு பாட்டியின் கையில் வளர்கின்றது. ஒரு தாயின் பாரம் இன்னொரு தாயின் தலைக்கு மாற்றப்படுகின்றதேயன்றிக் குறைவதில்லை. 2021 இல் வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. சட்டத்தை உயர்த்திய நாம், எமது சொந்த வீட்டுக் குசினியில் நிற்கும் சிறுமியின் வயதைக் கேட்கின்றோமா? படித்த, தொழில்புரியும் குடும்பங்கள் மனச்சாட்சியுடன் பதிலளிக்க வேண்டிய கேள்வி இது.

நடுத்தரக் குடும்பங்கள் இன்னொரு வழியைக் கண்டுபிடித்துள்ளன. அதுதான் ரியூசன். பாடசாலை விட்ட கையோடு பிள்ளை தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்பப்படுகின்றது. புலமைப்பரிசில் பரீட்சையின் போட்டியே இதற்குக் காரணமென்று நாம் கூறி வருகின்றோம். அது உண்மையே என்றாலும் முழு உண்மையன்று. மாலை ஐந்து மணிவரை பிள்ளை ஒரு கூரையின் கீழ், ஒரு பெரியவரின் கண்பார்வையில் இருக்கும் என்ற நிம்மதியையும் சேர்த்தே பல தாய்மார் அங்கு கட்டணம் செலுத்துகின்றனர். விளையாட வேண்டிய பிள்ளை வாங்கில் அமர்ந்து தூங்கி வழிகின்றது.

2020 இன் கொரோனா முடக்கத்திலும் 2022 இன் பொருளாதார நெருக்கடியிலும் இவ்வுண்மைகள் மேலும் வெளிச்சத்துக்கு வந்தன. வீட்டிலிருந்து வேலை செய்யும் முறை தாய்மாருக்கு ஆறுதலளிக்குமென எதிர்பார்க்கப்பட்டது. நடைமுறையில் ஒரே மேசையில் காரியாலய வேலையும் பிள்ளையின் இணையவழிப் பாடமும் அடுப்பிலுள்ள கறியும் ஒன்றுசேர்ந்தன. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களில், எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றுவிட்டு விறகடுப்பை மூட்டியவள் அடுத்த நாள் வேலைக்கும் சமுகமளித்தாள். நெருக்கடி வந்தபோதெல்லாம் நாடு தாய்மாரின் உழைப்பில் கடன் வாங்கியிருக்கின்றது. அந்தக் கடன் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் காட்டப்படுவதில்லை.

பெண் வீட்டிலிருந்து பிள்ளையை வளர்ப்பதே சிறந்தது, வேலைக்குப் போவதால்தான் இத்தனை தொல்லையும் என்று வாதிடுவோர் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய அக்கறையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குழந்தைக்குத் தாயின் அருகாமை தேவை என்பது உண்மை. வீட்டிலிருக்க விரும்பும் தாயின் தெரிவும் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் அரிசியும் பால்மாவும் பாடசாலை வான் கட்டணமும் ஏறியிருக்கும் விலையில், ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்தலாம் என்று எத்தனை வீடுகளில் கூற முடியும்? எமது பெண் நோயாளரைப் பார்ப்பதற்குப் பெண் வைத்தியரும், எமது பெண் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கு ஆசிரியையும் வேண்டுமென்று கேட்கும் சமூகங்கள், அந்த வைத்தியரும் ஆசிரியையும் தாய்மாராக இருப்பார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

சமயத்தைக் காரணம் காட்டுவதற்கும் இதில் இடமில்லை. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் மதிப்புமிக்க வணிகராகத் திகழ்ந்தவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தினரின் வேலைகளில் உதவுபவர்களாக இருந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். இறைவனையே அம்மையப்பனாக, உடலில் பாதியை உமைக்கு அளித்தவனாக வழிபடுவது சைவ மரபு. இவற்றைப் போற்றுவோர் வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவி வைப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதுவது எவ்வாறு பொருந்தும்? உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லி வளர்ந்த சமூகம் நாம். உத்தியோகம் இருபாலாருக்கும் பொதுவாகிவிட்ட பின்னர் வீட்டு வேலை மட்டும் ஒருபாலாருக்கே உரியதாக நீடிப்பது நியாயமாகாது. அரச சேவையில் 2006 இல் தந்தையருக்கு மூன்று நாள் விடுமுறை ஏற்பாடு செய்யப்பட்டது. தனியார் துறைத் தந்தையருக்குச் சட்டரீதியான அந்த ஏற்பாடுமில்லை. மூன்று நாளில் பிள்ளையின் பெயரைப் பதியலாம். பிள்ளையை வளர்க்கப் பழக முடியாது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பிள்ளை பராமரிப்பை வீதி, குடிநீர், நூலகம் போன்றதொரு பொதுச் சேவையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். நாட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. ஒன்றரை மணிக்குப் பின்னர் அவற்றின் வகுப்பறைகளும் விளையாட்டுத் திடல்களும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் மாலை ஐந்து மணிவரை பகலுணவு, ஓய்வு, விளையாட்டு, வாசிப்பு ஆகியவற்றுடன் கூடிய பராமரிப்பை ஏற்படுத்தலாம். இந்தப் பொறுப்பை ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும் ஆசிரியைகளின் மீது சுமத்தாது, பயிற்றப்பட்ட வேறு ஆட்களை உரிய ஊதியத்துடன் நியமிக்க வேண்டும். எமது பகுதிகளில் முன்பள்ளி ஆசிரியைகள் சொற்ப கொடுப்பனவுக்குப் பணிபுரிந்துவரும் அவலம் இங்கும் தொடரக்கூடாது.

2025 மே மாதம் நடைபெற்ற தேர்தலின் மூலம் உள்ளூராட்சி சபைகளுக்கு உறுப்பினர்கள் தெரிவாகியுள்ளனர். பெண்களுக்கான இருபத்தைந்து சதவீத ஒதுக்கீட்டினால் ஒவ்வொரு சபையிலும் பெண்களின் குரல் ஒலிக்க வாய்ப்பு ஏற்பட்டிருக்கின்றது. சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அண்மையில் ஒரு பகல் பராமரிப்பு நிலையத்தையேனும் தமது பிரதேச சபையோ நகர சபையோ நடத்த வேண்டுமென்ற பிரேரணையை இவ்வுறுப்பினர்கள் கட்சி பேதமின்றி முன்வைக்க வேண்டும். இரண்டாவதாக, மகப்பேற்றுக் கொடுப்பனவின் சுமையைத் தொழில்தருநர், ஊழியர், அரசாங்கம் ஆகிய முத்தரப்பும் பங்கிடும் நிதியமொன்றை அமைத்து, நாட்கூலிப் பெண்களையும் அதற்குள் உள்வாங்க வேண்டும். மூன்றாவதாக, தந்தையர் விடுமுறை இரு துறைகளிலும் அர்த்தமுள்ள அளவுக்கு விரிவாக்கப்பட வேண்டும். நான்காவதாக, சிறு பிள்ளைகளையுடைய ஆசிரியைகளின் நியமனங்களிலும் இடமாற்றங்களிலும் பிள்ளையின் வயது ஒரு காரணியாகக் கொள்ளப்பட வேண்டும். வெளிநாடு செல்லும் தாய்மாரைத் தடுப்பதை விடுத்து, விட்டுச்செல்லப்படும் பிள்ளைகளைக் கண்காணித்து ஆதரிக்கும் பொறிமுறையொன்று ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இயங்க வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கேயென்று திறைசேரி கேட்கக்கூடும். பட்டம் பெற்ற பெண் வீட்டில் முடங்குவதால் ஏற்படும் இழப்பு எவ்வளவு, தம்பியைப் பார்ப்பதற்காகப் பாடசாலையை விட்ட மகளால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதையும் அதே பேரேட்டில் எழுதிப் பார்த்த பின்னரே அந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தமாகும். 2013 அளவில் ஆண்டொன்றுக்கு மூன்றரை இலட்சத்தையும் தாண்டியிருந்த பிறப்புகளின் எண்ணிக்கை 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்குப் பொருளாதாரம், புலப்பெயர்வு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் பிள்ளை பெற்றுக்கொள்வதென்றால் தனித்து நின்று சுமக்க வேண்டும் என்பதை ஒரு தலைமுறைப் பெண்கள் தமது தாய்மாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றார்கள் என்பதையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. போரினாலும் இடம்பெயர்வினாலும் ஏற்கெனவே சிறுத்துப்போன சமூகங்களுக்கு இது சாதாரண விடயமல்ல.

ஊர் கூடித் தேர் இழுப்பது எமது மரபு. ஒற்றை ஆளிடம் வடத்தைக் கொடுத்துவிட்டு, ஏன் தேர் நகரவில்லையென்று வீதியோரத்தில் நின்று கேட்பது எமது மரபன்று. அரசாங்கம், தொழில்தருநர், உள்ளூராட்சி சபைகள், ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டிலுள்ள ஆண்கள் என ஒவ்வொருவரும் வடத்தில் கைவைக்க வேண்டிய காலம் இது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதல்ல என்பதை நாம் மீண்டும் வலியுறுத்த விரும்புகின்றோம்.